பேசிக்கொண்டே ஓடுங்கள்: திருகோணமலையில் ஓட்டக் குழுவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வர யோசிக்கிற எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "நான் மெதுவாகத்தான் ஓடுவேன், பரவாயில்லையா?" பரவாயில்லை. சொல்லப்போனால், வேகமாக ஓடுகிற புதியவரைக் கண்டால்தான் எங்களுக்குப் பயம். முதல் நாள் முன்னால் பாய்ந்து போய் எல்லாரையும் அசத்துவார், இரண்டாவது வாரம் முழங்காலில் பண்டேஜ், மூன்றாவது வாரம் வட்ஸ்அப் குறூப்பில் மட்டும் இருப்பார். மெதுவாக வந்தவர்கள்தான் பெரும்பாலும் வருடக்கணக்கில் நிற்கிறார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியில் பெரிய பயிற்சி இரகசியம் எதுவும் இல்லை. பக்கத்தில் ஓடுகிறவரோடு ஒரு முழு வசனம் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள் என்ற ஒரு விதியைச் சுற்றித்தான் மற்ற எல்லாம் வரும். வசனம் பாதியில் அறுந்து மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது. பாட்டே பாட முடிகிறதென்றால் கொஞ்சம் கூட்டலாம். கையில் மணிக்கூடு, இதயத்துடிப்பு மானி எல்லாம் பிறகு வரட்டும்.

வருவதற்கு முன்

40 வயதைத் தாண்டியவர்கள், பிரஷர், சீனி வருத்தம், நெஞ்சு நோ என்று ஏதாவது இருப்பவர்கள், குடும்பத்தில் இளம் வயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் ஒருமுறை டொக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள், குறிப்பாக இன்சுலின் போடுபவர்கள், ஓட்டத்தால் சீனி இறங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பொக்கற்றில் நாலு டொபியாவது வைத்திருங்கள், அதைவிட முக்கியமாக, கூட ஓடுகிற ஒருவருக்காவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குழுவில் பாதிப்பேர் டொக்டர் சொல்லித்தான் ஓடவே வந்தவர்கள்.

சப்பாத்து விஷயத்தில் மட்டும் கொஞ்சம் செலவழிக்கலாம். வாங்கப் போவதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நாள் முழுக்க நின்று நடந்தபின் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். போட்டு எழுந்து நின்றால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும், குதிக்கால் வழுக்கக் கூடாது. பிராண்டைப் பற்றி ஆளுக்கொரு ஞானம் சொல்வார்கள், எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு உங்கள் காலுக்கு எது சுகமாக இருக்கிறதோ அதை எடுங்கள். ஒரு சோடி ஏறக்குறைய 500 முதல் 800 கிலோமீற்றர் வரை தாங்கும். இங்கே உப்புக்காற்றும் கடற்கரை மணலும் சேர்வதால் ஓடி முடிந்ததும் தட்டி, ஈரத்துணியால் துடைத்து நிழலில் காய வையுங்கள். உச்சி வெயிலில் காயப்போட்டால் அடிப்பாகத்தின் பசை இளகி வாய் பிளந்துவிடும்.

உடுப்புக்கு விதி இல்லை. பருத்தி ரீசேட் வியர்வையைக் குடித்துக் கனத்துப்போகும், மெல்லிய விளையாட்டு ரீசேட் நல்லது, அவ்வளவுதான். தொடை உரசும் இடம், அக்குள், ஆண்களுக்கு மார்புக் காம்பு ஆகிய இடங்களில் வாஸ்லின் தடவாமல் நீண்ட தூரம் ஓடினால் குளிக்கும்போது தெரியும்.

முதல் நாள்

நாங்கள் கூடுகிற இடம் டச்சுக்குடாக் கடற்கரை, பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குக் கிட்ட. காலை ஓட்டம் 5.15க்குத் தொடங்கும். ஐந்தே காலென்றால் ஐந்தே காலேதான், இந்த ஊரில் வேறு எதற்கும் இல்லாத நேர ஒழுக்கம் இதற்கு மட்டும் இருக்கக் காரணம் சூரியன். மே கடைசியில் 5.45க்கே உதித்துவிடும், பெப்ரவரித் தொடக்கத்தில் 6.25 வரை போகும். உதித்து அரை மணித்தியாலத்தில் கிழக்குக் கடற்கரை வெயில் முகத்தில் அறையும், அதற்குப் பிறகு ஓடுகிற ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் இரண்டு மடங்கு விலை. வேகத்தைக் கூட்டி வெயிலை முந்த முடியாது, நேரத்தோடு எழும்பித்தான் முந்தலாம்.

முந்தின நாள் இரவு வட்ஸ்அப்பில் "வாறேன்" என்று ஒரு வார்த்தை போடுங்கள். வராவிட்டால் குற்றமில்லை, ஆனால் வருகிறேன் என்று போட்டுவிட்டு வராமல் இருந்தால் இருட்டில் ஒருவர் உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிற்பார். அதே குறூப்பில் காலை வணக்கப் பூக்கள், அரசியல், யாரோ யாருக்கோ அனுப்பியதன் மறுஅனுப்பல் எல்லாம் வேண்டாம்.

வந்து இறங்கியதும் யாராவது வந்து பெயர் கேட்பார்கள். ஆளை எப்படிக் கூப்பிடுவது என்ற குழப்பம் முதல் வாரம் எல்லாருக்கும் இருக்கும். நகரத்துப் பெரியவர்களை அண்ணா, அக்கா என்றும், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களை நானா, தாத்தா (அங்கே தாத்தா என்றால் அக்கா) என்றும், சிங்கள நண்பர்களை அய்யே, அக்கே என்றும் கூப்பிட்டால் சரியாகிவிடும். வங்கி மனேஜரும் பாடசாலை அதிபரும் இருக்கிறார்கள், முதல் கிலோமீற்றர் வரைதான் அவர்கள் "சேர்", பிறகு அவர்களும் அண்ணாதான். மூன்று சமூகத்தாரும் கலந்து ஓடுவதால் பாதி வழியில் பேச்சு எந்த மொழியில் போகிறது என்றே தெரியாது. மூச்சு வாங்கும்போது இலக்கணம் யாருக்கும் வராது, அதனால் சிங்களம் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, கடைசி ஆள். ஒவ்வொரு ஓட்டத்திலும் அனுபவமுள்ள ஒருவர் எல்லாருக்கும் பின்னால் வருவார், எங்களிடம் அவருக்குப் பெயர் "வால்". புதியவர் எவ்வளவு மெதுவாகப் போனாலும், நடந்தாலும், இடையில் இருந்து இளைப்பாறினாலும் வால் உங்களைத் தாண்டிப் போகாது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடாதீர்கள், அன்றைக்கு அதுதான் அவருடைய ஓட்டம், அவரும் தன் வேலைத்தலக் கதையைக் கேட்க ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில்தான் வருவார்.

முதல் நாள் ஓட்டமென்றால் உண்மையில் நடையும் ஓட்டமும் கலந்ததுதான். ஐந்து நிமிடம் சுறுசுறுப்பாக நடந்துவிட்டு, 1 நிமிடம் மெல்லோட்டம், 2 நிமிடம் நடை, இதையே எட்டுத் தடவை, அப்புறம் ஐந்து நிமிடம் நடந்து நிறுத்தம். இரண்டு வாரம் இப்படியே. மூன்றாவது வாரத்தில் 2 நிமிடம் ஓட்டம் 2 நிமிடம் நடை, ஐந்தாவது வாரம் வரும்போது 4 நிமிடம் ஓட்டம் 1 நிமிடம் நடை என்று மெல்ல மெல்ல நடையைச் சுருக்கிக்கொண்டு வந்தால் இரண்டு, இரண்டரை மாதத்தில் நிற்காமல் அரை மணித்தியாலம் ஓடலாம். மூச்சு ஆறு வாரத்திலேயே பழகிவிடும். எலும்பும் தசைநாரும் அதைவிட மெதுவாகத்தான் பழகும். "எனக்கு இன்னும் ஓடலாம் போல இருக்கே" என்று தோன்றுகிற அந்த ஐந்தாவது, ஆறாவது வாரம்தான் ஆபத்தான காலம். அந்த நேரத்தில் வால் உங்களைப் பிடித்து இழுத்தால் கோபிக்க வேண்டாம்.

ஒரு வாரம் எப்படிப் போகும்

செவ்வாய்க் காலை இலகு ஓட்டம். கோட்டை வாசலிலிருந்து நகரத்துக்குள் போய் உட்துறைமுக வீதியால் சுற்றி வருவோம், சமதரை, புதியவர்களுக்கு ஏற்றது. இலங்கையில் வாகனம் இடப்பக்கம் போவதால் நாங்கள் வீதியின் வலப்பக்கம், வருகிற வாகனத்தைப் பார்த்தபடி, இரண்டு பேருக்கு மேல் அகலமாக நிற்காமல் ஓடுவோம். அந்த நேரத்தில் தூர இடத்து பஸ்கள் விடுகிற வேகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வெளிச்சமான நிற உடுப்பு போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு சின்ன டோர்ச்சாவது கையில் இருக்கட்டும். ஓடும்போது இரண்டு காதிலும் பாட்டு மாட்டக் கூடாது.

வியாழன் மாலை மக்கெய்சர் விளையாட்டரங்கு. இது வேகப் பயிற்சி நாள், புதியவர்கள் முதல் இரண்டு மாதமும் வந்து ஓரமாக நடக்கலாம், பார்க்கலாம், சேர்ந்து ஓட வேண்டாம். பழகியவர்களுக்குப் பத்து நிமிடம் மெல்லோட்டம், பிறகு 400 மீற்றர் கொஞ்சம் வேகமாக, 2 நிமிடம் நடை, இப்படி ஆறு சுற்று. "கொஞ்சம் வேகமாக" என்பதற்கு அளவு என்னவென்றால் ஆறாவது சுற்றை முதலாவதின் நேரத்துக்கே முடிக்க வேண்டும். முதல் சுற்றில் பறந்து கடைசிச் சுற்றில் தவழ்ந்தால் அது பயிற்சிக் கணக்கில் வராது. பள்ளிக்கூடக் காலத்தில் 100 மீற்றர் ஓடின ஆண்களுக்கு இந்த அறிவுரை ஏறாது என்பது என் அபிப்பிராயம், ஆனாலும் சொல்லி வைக்கிறேன். பாடசாலைகளின் விளையாட்டுப் போட்டிக் காலத்தில் மைதானம் கிடைக்காது, அப்போது உவர்மலை ஏற்றத்துக்குப் போய்விடுவோம். கீழிருந்து மேலே ஒரு நிமிடம் ஏறி, நடந்து இறங்கி, திரும்ப ஏறுவது. ஏற்றத்தில் குனியாமல் நிமிர்ந்து, சின்ன அடி வைத்து ஏறுங்கள். வேகம் குறைவாக இருப்பதால் காலில் விழுகிற அடியும் குறைவு, அதனால் மைதானத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

ஞாயிறு நீண்ட ஓட்டம், வாரத்தின் உயிரே இதில்தான். 5 மணிக்கே தொடக்கம். மூன்று கூட்டமாகப் பிரிவோம்.

புதியவர்களின் கூட்டம் கோட்டைக்குள் ஏறி கோணேசர் கோயிலடி வரை போய் இறங்கும். தூரம் அதிகமில்லை, ஏற்றம்தான். உள்ளே இராணுவ முகாமும் இருப்பதால் வாசலில் நிற்கிறவர்கள் நிறுத்தினால் நின்று பதில் சொல்லிவிட்டுப் போங்கள். வழியில் புள்ளிமான்கள் வீதியிலேயே படுத்திருக்கும். சுற்றிப் போங்கள், துரத்திப் படம் எடுக்காதீர்கள், கையிலிருக்கிற பிஸ்கட்டைப் பொலித்தீனோடு போடாதீர்கள். சப்பாத்துக் கழற்ற வேண்டிய இடத்தில் திரும்பிவிடுவது வழக்கம். கும்பிட்டுவிட்டு வர விரும்பினால் ஒரு நீளக் காற்சட்டையோ வேட்டியோ பையில் கொண்டுவாருங்கள், வியர்வை வழிகிற அரைக்காற்சட்டையோடு கோயில் வாசலில் நிற்பது நன்றாக இல்லை. சிவராத்திரி, தேர், தீர்த்தம் என்று கூட்டம் வருகிற நாட்களில் அந்தப் பக்கமே போவதில்லை.

நடுக் கூட்டம் நிலாவெளி வீதியால் உப்புவெளி போய், இரண்டாம் உலகப் போர்க்காலக் கல்லறைத் தோட்டத்தடியில் திரும்பும், போய்வர 10 கிலோமீற்றர் அளவில் வரும். அரை மரதன், மரதன் என்று ஆயத்தப்படுகிறவர்கள் சாம்பல்தீவுப் பாலத்தையும் தாண்டிப் போவார்கள். எப்போதாவது ஒருமுறை கிண்ணியாக்காரர்கள் தங்கள் பக்கம் கூப்பிடுவார்கள், அப்போது 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தில் ஓடுவது ஒரு தனி அனுபவம். 396 மீற்றர் நீளம், எதிர்க்காற்று அடிக்கிற நாளில் அதுவே 800 மீற்றர் போலத் தெரியும். ஓடி முடிந்து அவர்கள் தருகிற காலைச் சாப்பாட்டுக்காகவே வருகிறவர்களும் எங்களிடம் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன். இன்னொரு நாள் கன்னியா வெந்நீரூற்று வரை போவோம், நகரத்திலிருந்து 8 கிலோமீற்றர் அளவு. வியர்த்துக் கொட்டிய உடம்பில் வெந்நீர் ஊற்றுவதில் உடற்கூற்று ரீதியாக என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் ஏழு கிணற்றில் எது கூடச் சூடு என்று அடிக்கிற வாதத்தில் அரை நாள் போய்விடும்.

நீண்ட ஓட்டத்தின் தூரத்தை வாரத்துக்கு வாரம் 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாமல் இருப்பது பொதுவான கணக்கு. நாலாவது வாரம் ஒருமுறை குறைத்துவிடுங்கள். மற்ற நாட்களில் ஓட வேண்டிய கட்டாயமில்லை. நடக்கலாம், சைக்கிள் ஓடலாம், படியேறலாம், சும்மாவும் இருக்கலாம். போயா தினம் லீவு என்பதால் விடியலில் விருப்பப்பட்டவர்கள் கூடுவோம். முழுநிலவு உட்துறைமுகப் பக்கம் மேற்கே இறங்கிக்கொண்டிருக்க, கிழக்கே வெளுக்கும். அன்று யாரும் மணிக்கூடு பார்ப்பதில்லை.

கடற்கரையில் ஓடுவதென்றால்

ஊரில் கடற்கரை இருக்கும்போது தார் வீதியில் ஏன் ஓட வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். காய்ந்த மணலில் ஓடினால் கெண்டைக்கால் தசை இரண்டு நாளைக்குப் பேசவிடாது. அலை வந்து போகிற ஈர மணல் கெட்டியாக இருக்கும், அங்கே ஓடலாம், ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும். போன தூரத்தையே திரும்பி ஓடினால் இரண்டு காலுக்கும் சமமாகும். வெறுங்காலோடு ஓட ஆசை உள்ளவர்கள் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள், தூண்டில் முள்ளுக்கும் போத்தல் துண்டுக்கும் கண் இருக்கட்டும்.

கரைவலை இழுக்கிற காலத்தில் கயிறு கடற்கரைக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் இறுகி நிற்கும். அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அவர்களுக்கு அது வேலைநேரம், நமக்குப் பொழுதுபோக்கு, அதனால் கயிற்றைக் கட்டியிருக்கிற தலைப்புக்குப் பின்னால் சுற்றிப் போவதுதான் மரியாதை. நின்று ஒரு கை கொடுத்தால் சிரித்துக்கொண்டே இடம் விடுவார்கள். அன்றைக்கு வேறு கைப்பயிற்சியும் தேவைப்படாது.

வெயில், கச்சான், மாரி

மே முதல் ஓகஸ்ட் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வறண்டு வீசும், பகலில் 34, 35 பாகை சாதாரணம். இரவிலும் நிலம் முழுதாக ஆறாது. இந்தக் காலத்தில் குழுவில் சேர்கிறவர்களுக்கு உடம்பு சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாள் வரை எடுக்கும். கொழும்பிலிருந்தோ நுவரெலியாவிலிருந்தோ மாற்றலாகி வந்தவர்கள் பழைய வேகத்தை இங்கே தேட வேண்டாம். பேச்சு விதி இங்கேதான் கைகொடுக்கும், ஏனென்றால் அதே வேகம் ஏப்ரலில் பேசவிடும், ஜூனில் பேசவிடாது. மணிக்கூட்டுக்கு அது தெரியாது.

எழும்பியதும் ஒரு கிளாஸ் தண்ணீர். ஒரு மணித்தியாலத்துக்கு உட்பட்ட ஓட்டத்துக்கு அதுவே போதும், முடிந்ததும் தாராளமாகக் குடிக்கலாம். அதற்கு மேலே போனால் கையில் போத்தல் வேண்டும், அரை லீற்றர் ஒரு மணித்தியாலத்துக்கு என்பது நல்ல தொடக்கக் கணக்கு. சரியாகத் தெரிய வேண்டுமென்றால் ஓடுவதற்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்வை. வெறும் தண்ணீரையே மணிக்கணக்கில் அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். தேசிக்காய்த் தண்ணியில் உப்பும் கொஞ்சம் சீனியும் போட்டால் வேலை முடிந்தது, ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கிற உப்புக்கரைசல் தூள்) பக்கற்றைச் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்தாலும் சரி. இளநீர் ஓடி முடிந்த பிறகு.

கொளுத்துகிற வெயிலில் உடம்பு சிலிர்த்தாலோ, தலை இடித்தாலோ, கால் தள்ளாடினாலோ உடனே நில்லுங்கள். கூட ஓடுகிறவர் சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்கினால் அது சிரிக்கிற விஷயமில்லை. அவரை நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைத் தளர்த்தி, தலை, கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். குளிர்விப்பதுதான் முதல் வேலை, அம்புலன்ஸ் வரட்டும் என்று கைகட்டி நிற்கக் கூடாது. சுயநினைவு தடுமாறுகிறவருக்கு வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கொட்டித் தீர்க்கும். மழையில் ஓடலாம், சுகமாகவே இருக்கும். இடி மின்னலிலும், தண்ணீர் நிறைந்து வடிகான் எது வீதி எது என்று தெரியாத இடத்திலும் ஓடக்கூடாது. அந்த மாதங்களில் கடலும் குழம்பியிருக்கும், ஓடி முடிந்து டச்சுக்குடாவில் குதிக்கிற பழக்கத்தைத் தை மாசம் கழியும் வரை ஒத்தி வையுங்கள்.

நோன்பு மாதத்தில் வியாழன் பயிற்சியை இரவுக்கு மாற்றிவிடுவோம், நோன்பு திறந்து சாப்பாடு கொஞ்சம் இறங்கிய பிறகு. பகலில் வேகப் பயிற்சி எதுவும் வேண்டாம். நோன்பு திறக்கச் சற்று முன் மெல்ல ஒரு அரை மணித்தியாலம் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள், முடிந்தவுடன் தண்ணீர் கிடைத்துவிடும் என்ற கணக்கு.

சாப்பாடு

விடிய 5 மணி ஓட்டத்துக்கு முன் வயிறு நிறையப் புட்டு சாப்பிட்டால் அது மேலே வரும். ஒரு கதலி வாழைப்பழம், ஒரு பிளேன்டீ, போதும். இரவு சோறோ இடியப்பமோ நன்றாகச் சாப்பிட்டிருந்தால் சிறிய ஓட்டத்துக்கு அந்த வாழைப்பழமும் தேவையில்லை. முடிந்ததும் முட்டை, கடலை, பயறு, மீன் என்று ஏதாவது புரதம் சேருங்கள். ஞாயிறு ஓட்டம் முடிந்து எல்லாரும் சேர்ந்து தேத்தண்ணிக் கடையில் உட்காருவதைத் தவறவிடாதீர்கள். குழுவின் முடிவுகள் எல்லாம் அங்கேதான் எடுக்கப்படும், இலைக்கஞ்சியா பணிஸா என்பது உட்பட.

பெண்களுக்கு

இருட்டில் வீட்டிலிருந்து கூடுகிற இடம் வரை தனியே ஓடி வர வேண்டாம். குறூப்பில் சொன்னால் உங்கள் பக்கத்திலிருந்து வருகிற அக்கா ஒருவர் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வருவார். ஓட்டத்தில் எந்தப் பெண்ணும் தனியே விடப்படமாட்டார். வேகம் வேறுபட்டாலும் சோடியாகத்தான் பிரிப்போம். நீளக் காற்சட்டை, பர்தா, நீளக்கை ரீசேட் எதுவானாலும் உங்கள் விருப்பம், மெல்லிய துணியாக இருந்தால் சரி. நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா சப்பாத்துக்கு அடுத்த முக்கிய செலவு. வீதியில் யாராவது கத்தினால், பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தால், இலக்கத்தைப் பார்த்துக் குழுவில் உடனே சொல்லுங்கள், "சின்ன விஷயம்" என்று விழுங்க வேண்டாம். இதைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்க வருகிற ஆண்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நாயும் நோவும்

கட்டாக்காலி மாடு உங்களைக் கவனிக்காது, நீங்கள்தான் இருட்டில் அதில் முட்டாமல் பார்க்க வேண்டும். நாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, அதன் பக்கம் திரும்பி, கல் எடுப்பது போல் குனிந்தால் பெரும்பாலும் போய்விடும். கடித்தாலோ கீறினாலோ ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். தெருவில் எல்லாருக்கும் தெரிந்த நாய், வாலாட்டுகிற நாய் என்ற சமாதானம் எல்லாம் நீர்வெறுப்பு நோய்க்குப் பொருந்தாது.

தசை உளைவு வேறு, நோவு வேறு. இரண்டு காலிலும் பரவலாக இருந்து இரண்டு மூன்று நாளில் தானாகக் குறைந்தால் உளைவு, அதோடு மெல்ல ஓடலாம். ஒரே இடத்தில் விரல் வைத்துக் காட்ட முடிந்தால், ஓட ஓடக் கூடினால், நொண்ட வைத்தால் அது நோவு. முன்காலெலும்பை ஒட்டி வருகிற வலி பெரும்பாலும் தூரத்தைச் சட்டென்று கூட்டியதால் வரும். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிக்காலில் குத்தினால் பாதத்தின் அடிநார் இறுகியிருக்கிறது, கெண்டைக்காலையும் பாதத்தையும் நாள்தோறும் நீட்டி இளக்க வேண்டும், வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பதைக் கொஞ்ச நாளைக்கு விடுங்கள். எதுவானாலும் ஒரு வாரம் ஓய்ந்தும் போகவில்லையென்றால் வைத்தியரிடம் போங்கள். குறூப்பில் ஆளுக்கொரு எண்ணெய் சொல்வார்கள், தடவினால் மணக்கும்.

முதல் போட்டி

மூன்று மாதம் கழிந்ததும் யாராவது உங்களை ஒரு 5 கிலோமீற்றர் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி அரிப்பார்கள். கொடுங்கள். புதுச் சப்பாத்து, புதுச் சொக்ஸ், புதுச் சாப்பாடு எதையும் அன்று முயன்று பார்க்காதீர்கள். முதல் கிலோமீற்றரில் உங்களைத் தாண்டிப் போகிற சின்னப் பையன்களில் பாதிப்பேரை நாலாவது கிலோமீற்றரில் சந்திப்பீர்கள். பேச்சு விதிக்கு அன்று மட்டும் விடுமுறை, அதுவும் கடைசி இரண்டு கிலோமீற்றருக்கு மட்டும். போட்டி முடிந்த வாரம் இலகு ஓட்டம்தான், பதக்கத்தைப் படம் எடுத்துப் போடுவது கட்டாயம்.

அதன்பிறகு ஒரு ஞாயிறு உங்களையே வாலாகப் போடுவார்கள். வேகமாக ஓட முடிந்த காலத்தில் வேண்டுமென்றே மெதுவாக ஓடப் பழகுவதற்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. முதலுதவிப் பை, தண்ணீர், கொஞ்சம் சில்லறை, சார்ஜ் உள்ள போன், எல்லாம் வாலிடம்தான் இருக்க வேண்டும். தொடங்கியபோது எத்தனை பேர், முடிந்தபோது எத்தனை பேர் என்று எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டில் கலியாணம், வேலை மாற்றம் என்று இடையில் இரண்டு மாதம் நின்றுபோகும், எல்லாருக்கும் நடக்கிறது. திரும்பி வரும்போது விட்ட தூரத்தில் பாதியிலிருந்து தொடங்குங்கள், ஒரு மாதத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். ஏன் இவ்வளவு நாள் காணவில்லை என்று பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு அண்ணா மட்டும் கேட்பார், ஒவ்வொரு குழுவிலும் அப்படி ஒருவர் இருப்பார், ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.